எதன் பொருட்டு, யார் பொருட்டு: கூடங்குளத்தைச் சுற்றிய சில சட்டச் சொற்றொடர்கள்

2010 ஆகஸ்டில் டெல்லியில் ஒரு சட்ட முன்வரைவின் மேல் பெரிய சண்டை நடந்தது. அணு உலையில் விபத்து நேர்ந்தால் இழப்பீட்டை யார் தருவது, எவ்வளவு தருவது என்று வகுக்கும் முன்வரைவு அது. அந்த ஆண்டு மே 7ஆம் தேதி மக்களவையில் அறிமுகமாகி, நிலைக்குழுவுக்குப் போய், ஆகஸ்ட் 18ஆம் தேதி குழுவின் அறிக்கையோடு திரும்பி வந்தது. சண்டை அதன் 17ஆம் பிரிவின் மேல்தான். உலையை இயக்கும் நிறுவனம் பாதிக்கப்பட்டவர்களுக்குப் பணம் கொடுத்த பிறகு, பழுதான கருவியை விற்ற நிறுவனத்திடம் அந்தப் பணத்தைத் திருப்பிக் கேட்கலாமா, கூடாதா என்று சொல்லும் பிரிவு அது.

முதலில் வந்த வரைவு, விற்றவர் வேண்டுமென்றே செய்த செயலாலோ கடும் அலட்சியத்தாலோ விபத்து நேர்ந்திருந்தால் கேட்கலாம் என்றது. நிலைக்குழு இதை விரிவாக்கியது. வெளியே தெரியும் குறைபாடு, உள்ளே மறைந்திருக்கும் குறைபாடு, தரம் குறைந்த பணி எல்லாவற்றுக்கும் விற்றவர் பதில் சொல்ல வேண்டும் என்று ஆனது. அடுத்த சில நாட்களில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்த திருத்தத்தில் புதிதாகச் சில சொற்கள் நுழைந்திருந்தன: 'டன் வித் தி இன்டென்ட் டு காஸ் நியூக்ளியர் டேமேஜ்'. அணுசேதம் விளைவிக்கும் நோக்கத்துடன் செய்யப்பட்ட செயல் என்று பொருள்.

ஒரு வால்வைச் செய்து விற்கும் கம்பெனி, அது வெடித்து ஊர் அழிய வேண்டும் என்ற நோக்கத்தோடா விற்கும்? மட்டமான எஃகு, அவசரத்தில் செய்த வெல்டிங், பொய்யான சோதனைச் சான்றிதழ் என்று எது அகப்பட்டாலும் அதில் அலட்சியம் இருக்கும், பேராசை இருக்கும். சேதம் விளைவிக்கும் நோக்கம் இருக்காது. ஆகவே அந்தச் சொற்கள் இருக்கும்வரை பிரிவின் மற்றப் பகுதிகள் இருந்தும் இல்லாதவையே. போபால் வழக்கில் தீர்ப்பு வந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. ஆயிரக்கணக்கானோர் செத்த விபத்துக்கு இரண்டு ஆண்டுச் சிறை என்று 2010 ஜூன் 7ஆம் தேதி கேட்ட நாடு, இதைப் பார்த்ததும் கொதித்தது. பாரதிய ஜனதாவும் இடதுசாரிகளும் ஒருசேர எதிர்த்தார்கள். ஆகஸ்ட் 25ஆம் தேதி மக்களவை முன்வரைவை நிறைவேற்றியபோது அந்தச் சொற்கள் நீக்கப்பட்டிருந்தன. 30ஆம் தேதி மாநிலங்களவையும் நிறைவேற்றியது.

இதன் விளைவு கூடங்குளத்துக்கு வந்து சேர்ந்தது. முதல் இரண்டு உலைகளுக்கான ஒப்பந்தம் 1988 நவம்பர் 20ஆம் தேதி ராஜீவ் காந்தியும் கோர்பச்சேவும் கையெழுத்திட்டது. அதற்குத் துணை ஒப்பந்தம் 1998இல் வந்தது. புதிய சட்டத்தின் 17ஆம் பிரிவு தங்களைக் கட்டுப்படுத்தக் கூடாது என்று ரஷ்யத் தரப்பு மூன்றாவது, நான்காவது உலைகளுக்கான பேச்சில் வலியுறுத்தியது. பேச்சு ஆண்டுக்கணக்கில் இழுத்தது. 2014 ஏப்ரலில்தான் பொது ஒப்பந்தம் கையெழுத்தானது. விற்பவர்களின் அச்சத்தைத் தணிக்க 2015இல் 1,500 கோடி ரூபாய்க்கு ஒரு காப்பீட்டுத் தொகுப்பு அமைக்கப்பட்டது. மூன்றாவது உலைக்குக் கான்கிரீட் போடத் தொடங்கியது 2017இல். ஒரு நோக்கச் சொற்றொடர் சட்டத்தில் இருந்திருந்தால் இத்தனை பேச்சும் காப்பீடும் தேவைப்பட்டிருக்காது. அதை நுழைத்தவர்களுக்கும் நீக்கியவர்களுக்கும் அதன் மதிப்பு நன்றாகவே தெரிந்திருந்தது.

சட்ட ஆங்கிலத்தில் நோக்கத்தைச் சொல்ல இப்படிப் பல கூட்டுத் தொடர்கள் உண்டு. ஃபார் த பர்பஸ் ஆஃப், வித் எ வியூ டு, வித் இன்டென்ட் டு, இன் த இன்ட்ரஸ்ட்ஸ் ஆஃப், இன் ஃபர்தரன்ஸ் ஆஃப், இன் ப்ராசிக்யூஷன் ஆஃப். போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கு இவை ஒரே பட்டியலில் வரும். ஒன்றின் இடத்தில் இன்னொன்றைப் போடலாம் என்பதுபோலச் சொல்லித்தரப்படும். கட்டுரைப் பயிற்சிக்கு அது போதும். நீதிமன்றத்தில் அப்படி இல்லை. இவற்றுள் எது எழுதப்பட்டிருக்கிறது என்பதை வைத்து, நோக்கத்தை யார் நிரூபிக்க வேண்டும், எவ்வளவு நிரூபிக்க வேண்டும், யார் நிரூபிக்கவே வேண்டியதில்லை என்பது முடிவாகிறது. இந்தத் தொடர்கள் கூடங்குளத்து வீடுகளுக்குள் எப்படி வந்தன என்று பார்த்தால் ஓர் ஓரவஞ்சனை புலப்படுகிறது. அரசின் நோக்கம் சொன்ன மாத்திரத்தில் ஏற்கப்படுகிறது. மக்களின் நோக்கம் வழக்கு நடத்தி மெய்ப்பிக்க வேண்டியதாக இருக்கிறது.

முதலில் இலக்கணம். தமிழில் நோக்கம் பெரும்பாலும் நான்காம் வேற்றுமையிலும் வினையெச்சத்திலும் தங்குகிறது. 'கு' உருபுக்கு நன்னூல் சொல்லும் பொருள்களில் கொடை, பகை முதலியவற்றோடு பொருட்டும் ஒன்று. கூலிக்கு வேலை செய்தான் என்றால் கூலியின் பொருட்டு. வான், பான், பாக்கு என்று முடியும் பழைய எச்சங்கள் நோக்கத்துக்கே உரியவை. இன்று அந்த வேலையைச் 'செய்ய' என்னும் எச்சமும் 'செய்வதற்காக' என்பதும் பார்க்கின்றன. இந்த வடிவங்கள் எல்லாம் ஒரு வினைமுற்றைத் தேடிப் போகும். வினைமுற்றில் செய்தவர் ஆணா, பெண்ணா, ஒருவரா, பலரா என்பது ஒட்டியிருக்கும். எதற்காக என்று கேட்டால் யார் என்பதும் கூடவே தெரிந்துவிடும். ஆங்கிலக் கூட்டுத் தொடரில் நோக்கம் பெயர்ச்சொல்லாக உறைந்துவிடுகிறது. 'ஃபார் எ பப்ளிக் பர்பஸ்' என்பதில் வினையும் இல்லை, செய்பவரும் இல்லை.

ஆனால் ஆங்கிலத்தின்மேல் பழிபோட்டு ஒதுங்க முடியாது. நம் அலுவலகத் தமிழ் இதே வித்தையை நன்றாகக் கற்றுக்கொண்டுவிட்டது. பணிமாறுதல் ஆணையைப் பாருங்கள். 'நிர்வாக நலன் கருதி' என்று இருக்கும். யார் கருதினார்கள், நிர்வாகத்துக்கு என்ன நலன் என்று எந்த ஆணையும் சொன்னதில்லை. 'பொதுநலன் கருதி', 'பாதுகாப்புக் காரணங்களை முன்னிட்டு' எல்லாம் அந்தக் குடும்பம்தான். ஆங்கிலேயரே தங்கள் அலுவலக மொழியின் இந்த நோயைக் கண்டு வருந்தியிருக்கிறார்கள். பிரிட்டிஷ் அரசு ஊழியர்களுக்காக எர்னஸ்ட் கோவர்ஸ் 1948இல் எழுதிய கையேடு, ஒரு சொல் போதும் இடத்தில் நாலைந்து சொல்லால் கட்டிய முன்னிடைத் தொடர்களைப் போடாதீர்கள் என்று மன்றாடியது.

இனி நிலத்துக்கு வருவோம். கூடங்குளத்தில் நிலம் எடுத்த காலத்தில் நாட்டில் நடப்பில் இருந்தது 1894ஆம் ஆண்டின் நில ஆர்ஜிதச் சட்டம். ஏதேனும் ஒரு பொதுநோக்கத்துக்கு ஒரு வட்டாரத்தில் நிலம் தேவை என்றோ தேவைப்படலாம் என்றோ அரசுக்குத் தோன்றினால் அறிவிக்கை வெளியிடலாம் என்றது 4ஆம் பிரிவு. 'தோன்றினால்' என்பதே சட்டத்தின் சொல். 1984 திருத்தத்துக்குப் பிறகு அந்த அறிவிக்கை இரண்டு நாளிதழ்களில் வரவேண்டும், அவற்றுள் ஒன்றாவது வட்டார மொழியில் இருக்கவேண்டும் என்று ஆனது. ஆட்சேபணை சொல்லும் உரிமை 1923இலேயே வந்தது. கலெக்டர் கேட்டு அறிக்கை அனுப்புவார், முடிவெடுப்பது அரசு. அதன்பின் 6ஆம் பிரிவின்படி அரசு ஓர் அறிவிப்பை வெளியிடும். நிலம் பொதுநோக்கத்துக்குத் தேவை என்பதற்கு அந்த அறிவிப்பே முடிவான சான்று என்று அதே பிரிவின் 3ஆம் உட்பிரிவு சொல்லிவிட்டது. முடிவான சான்று என்றால் எதிர்ச்சான்று காட்டவே வழியில்லை என்று அர்த்தம். அரசு தன் நோக்கத்தைத் தானே சொல்லும். சொன்னதே அதற்குச் சாட்சி.

இந்த உட்பிரிவு எவ்வளவு தூரம் நீளும் என்று சோமாவந்தி எதிர் பஞ்சாப் அரசு வழக்கில் உச்ச நீதிமன்றம் 1962 மே 2ஆம் தேதி காட்டியது. குளிர்பதனக் கருவிகளுக்கான கம்ப்ரஸர் செய்யும் ஒரு தனியார் தொழிற்சாலைக்காகப் பஞ்சாப் அரசு நிலம் எடுத்தது. இழப்பீட்டில் அரசின் பங்கு 100 ரூபாய். பொதுப்பணத்திலிருந்து ஏதோ ஒரு பகுதி வந்துவிட்டதால் இது பொதுநோக்கம்தான் என்று பெரும்பான்மை நீதிபதிகள் ஏற்றார்கள். அதிகாரத்தை அரசு வேறொன்றுக்கு முகமூடியாகப் பயன்படுத்தியது என்று காட்டினால் மட்டுமே நீதிமன்றம் தலையிடும் என்றார்கள். நீதிபதி சுப்பாராவ் மறுத்துத் தனித்தீர்ப்பு எழுதினார். அவர் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், மறுபடியும் வருவார்.

அதே 1962 செப்டம்பரில் அணுசக்திச் சட்டம் நிறைவேறியது. அதன் நெடுந்தலைப்பே ஒரு நோக்கத் தொடர்: இந்திய மக்களின் நலனுக்காகவும் பிற அமைதி நோக்கங்களுக்காகவும் அணுசக்தியை வளர்த்தல், கட்டுப்படுத்தல், பயன்படுத்தல். 1948ஆம் ஆண்டின் முந்தைய சட்டத்தின் தலைப்பில் மக்கள் நலன் என்ற பேச்சு இல்லை. வளர்ச்சி, கட்டுப்பாடு என்று சொல்லி நிறுத்திக்கொண்டது. 1962இல் மக்கள் தலைப்பில் ஏறினார்கள். உள்ளே போனால், தகவல்களை வெளியிடக் கூடாது என்று தடுக்கும் அதிகாரம் 18ஆம் பிரிவில் அரசுக்குக் கொடுக்கப்பட்டிருந்தது. நலன் யாருக்கு என்று தலைப்பில் இருந்ததோ அவர்களுக்கே தெரியாமல் வைக்கும் வசதி அது.

1894 சட்டத்துக்கு மாற்றாக 2013இல் வந்த நிலம் கையகப்படுத்தல் சட்டம் பொதுநோக்கம் எவையெவை என்று பட்டியலிட்டது. சமூகத் தாக்க மதிப்பீடு, தனியார் திட்டமானால் நிலம் இழப்போரின் ஒப்புதல் ஆகியவற்றைக் கொண்டுவந்தது. நல்ல மாற்றம்தான். ஆனால் அதன் நான்காம் அட்டவணையில் 13 சட்டங்களுக்கு விலக்கு இருந்தது. அவற்றுள் அணுசக்திச் சட்டமும் ஒன்று. பின்னர் இழப்பீட்டு விதிகள் அந்த 13 சட்டங்களுக்கும் நீட்டிக்கப்பட்டன. சமூகத் தாக்க மதிப்பீடு நீட்டிக்கப்படவில்லை. அதாவது பணத்தின் அளவைப் பற்றிக் கேட்கலாம், நோக்கத்தைப் பற்றிக் கேட்க வேண்டாம்.

பேச்சுரிமையின் கதை இன்னும் நுட்பமானது. அது சென்னையில் தொடங்குகிறது. சென்னை மாகாணப் பொது ஒழுங்குப் பராமரிப்புச் சட்டம், 1949 என்று ஒன்று இருந்தது. 'பொதுப் பாதுகாப்பை உறுதிசெய்யும் நோக்கத்துக்காக' அவசியம் என்று அரசு கருதினால் எந்த இதழையும் மாகாணத்துக்குள் வரவிடாமல் தடுக்கலாம் என்றது. ஃபார் த பர்பஸ் ஆஃப் என்ற தொடர் சட்டத்திலேயே இருந்தது. அதைக் கொண்டு பம்பாயிலிருந்து ரொமேஷ் தாப்பர் நடத்திய 'கிராஸ் ரோட்ஸ்' வார இதழை 1950 மார்ச்சில் சென்னை அரசு தடைசெய்தது. மே 26ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அந்த விதியைச் செல்லாததாக்கியது. பொதுப் பாதுகாப்பு என்பது அகலமானது, அரசமைப்பு அனுமதித்ததோ அரசின் பாதுகாப்பைக் குலைக்கும் பேச்சைத் தடுப்பதை மட்டுமே என்று காரணம் சொன்னது.

அடுத்த ஆண்டே முதல் அரசமைப்புத் திருத்தம் வந்தது. 19ஆம் உறுப்பின் 2ஆம் உட்பிரிவில் 'இன் த இன்ட்ரஸ்ட்ஸ் ஆஃப்' என்ற தொடர் புகுந்தது. அரசின் பாதுகாப்பு, பொது ஒழுங்கு முதலியவற்றின் நலனுக்காக நியாயமான தடைகள் விதிக்கலாம். 1957இல் ராம்ஜிலால் மோடி வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்தத் தொடரை நிறுத்துப் பார்த்தது. பொது ஒழுங்கைக் 'காப்பதற்காக' என்று எழுதியிருந்தால் நேரே ஒழுங்கைக் காக்கும் சட்டம் மட்டுமே செல்லும். 'நலனுக்காக' என்று எழுதியிருப்பதால் நேரடியாக ஒழுங்கைக் காக்காத சட்டமும் உள்ளே வரலாம் என்று தீர்ப்பளித்தது. முன்னிடைத் தொடரை மாற்றியதால் உரிமையின் எல்லை நகர்ந்தது.

அந்த எல்லையைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளியவர் சுப்பாராவ். பாசன வரி கட்டாதீர்கள் என்று விவசாயிகளிடம் பேசியதற்காக ராம் மனோகர் லோகியா கைதான வழக்கில் 1960இல் அவர் எழுதிய தீர்ப்பு, பேச்சுக்கும் பொது ஒழுங்குக் குலைவுக்கும் இடையே உள்ள தொடர்பு அண்மையானதாக இருக்கவேண்டும் என்றது. இதிலிருந்து அது, அதிலிருந்து இன்னொன்று என்று கற்பனையில் சங்கிலி கோத்துக் கொண்டுபோகக் கூடாது. தாமிரபரணிப் பாசனத்தில் வாய்க்கால் தண்ணீருக்காக வரி கட்டிய ஊர்கள் எல்லாம் தெரிந்துவைத்திருக்க வேண்டிய தீர்ப்பு இது. பாடநூல்களில் ஒரு வரியில் முடிந்துவிடுகிறது.

இப்போது இந்தக் கட்டுரையின் நடுவான இடத்துக்கு வரலாம். இந்திய தண்டனைச் சட்டத்தின் 124ஏ பிரிவு, ராஜத் துரோகம். 1870இல் சேர்க்கப்பட்டது. அப்போது அதனோடு இருந்த விளக்கம், அரசின் அதிகாரத்துக்குக் கீழ்ப்படியும் மனநிலையோடு ஒத்துப்போகிற கண்டனம் குற்றமாகாது என்றது. திலகர் மீதான 1897 வழக்கில் நீதிபதி ஸ்ட்ரேச்சி 'டிஸ்அஃபெக்ஷன்' என்றால் அன்பு இல்லாமையே என்று விரித்துரைத்தார். மறு ஆண்டு, 1898இல், பிரிவு திருத்தி எழுதப்பட்டது. அப்போது வந்ததுதான் விளக்கம் 2. அரசின் நடவடிக்கைகளைச் சட்டபூர்வமான வழியில் மாற்றச் செய்யும் நோக்கத்துடன் கண்டிக்கும் கருத்துகள், வெறுப்பையோ அவமதிப்பையோ பகைமையையோ தூண்டாதவரை, குற்றமாகா. ஆங்கிலத்தில்: 'வித் எ வியூ டு அப்டெய்ன் தேர் ஆல்டரேஷன் பை லாஃபுல் மீன்ஸ்'.

கொஞ்சம் நின்று பார்க்க வேண்டிய தொடர். 'வித் எ வியூ டு' என்பதற்குப் பின் 'அப்டெய்னிங்' என்று வரவேண்டும் என்பார் இன்றைய இலக்கண ஆசிரியர். பழைய வழக்கில் 'அப்டெய்ன்' என்றே வந்திருக்கிறது. அதைவிட முக்கியம், இது குடிமக்களின் நோக்கத்தைக் காக்கும் கவசம். தண்டிக்கும் பிரிவின் உள்ளேயே, நீ எதற்காகப் பேசினாய் என்பதற்குச் சட்டம் இடம் கொடுத்திருக்கிறது. கொடுத்துவிட்டு, இரண்டு பூட்டும் போட்டிருக்கிறது. நோக்கம் மாற்றமாக இருக்கவேண்டும், வழி சட்டபூர்வமாக இருக்கவேண்டும். அப்போதும் கேட்பவர் மனத்தில் வெறுப்பு எழுந்துவிடக் கூடாது. முதல் இரண்டும் பேசுகிறவர் கையில் இருக்கின்றன. வெறுப்பு எழுந்ததா, இல்லையா என்பதோ வழக்குத் தொடர்பவர் சொல்வது.

இந்தக் கவசம் திருநெல்வேலியில் 1908இல் சோதிக்கப்பட்டது. தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர்களுக்காகவும் சுதேசிக்காகவும் வ.உ.சிதம்பரம் பிள்ளையும் சுப்பிரமணிய சிவாவும் பேசிய பேச்சுகள் தமிழில் இருந்தன. தூத்துக்குடிக் கடற்கரையிலும் தாமிரபரணி மணலிலும் கூடியவர்கள் கேட்ட தமிழ் அது. மார்ச் 12ஆம் தேதி கைது, மறுநாள் திருநெல்வேலி எழுச்சி. ஜூலை 7ஆம் தேதி செஷன்ஸ் நீதிபதி பின்ஹே ஆங்கிலத்தில் தீர்ப்பு எழுதினார். வ.உ.சி.க்கு இரண்டு ஆயுள் தண்டனைகள். உயர் நீதிமன்றம் பிறகு அதைக் குறைத்தது. கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்வதும் சொந்தக் கப்பல் கம்பெனி நடத்துவதும் சட்டபூர்வமான வழிகள்தாம். வ.உ.சி. வக்கீல், இந்தச் சட்டத்தை நன்கு அறிந்தவர். விளக்கம் 2 அவருக்கு உதவவில்லை.

விடுதலைக்குப் பின், 1962 ஜனவரி 20ஆம் தேதி, கேதார்நாத் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் 124ஏ பிரிவைச் செல்லும் என்று ஏற்று, அதே மூச்சில் குறுக்கியது. ஒழுங்கைக் குலைக்கும் நோக்கமோ போக்கோ உள்ள பேச்சு மட்டுமே குற்றம். கடுமையான சொற்களால் அரசைக் கண்டிப்பது குற்றமில்லை. ஆக 1962ஆம் ஆண்டு, ஒரே நீதிமன்றம் ஜனவரியில் குடிமக்களின் நோக்கத்தைத் துருவிப் பார்க்கச் சொன்னது. மே மாதம் அரசின் நோக்கத்தைத் துருவ வேண்டாம் என்றது. இரண்டு தீர்ப்புகளும் அரை நூற்றாண்டு கழித்து, கூடங்குளம் இருக்கும் ராதாபுரம் தாலுகாவில் ஒன்றாக வந்து இறங்கின.

2011 மார்ச் 11ஆம் தேதி ஃபுகுஷிமா அணு உலை விபத்து. ஆகஸ்டில் கூடங்குளத்துக்கு அருகிலுள்ள இடிந்தகரையில் லூர்து மாதா ஆலயத்தின் முன் பந்தல் விழுந்தது. சு.ப. உதயகுமார் ஒருங்கிணைத்த அணுசக்திக்கு எதிரான மக்கள் இயக்கம் அங்கிருந்தே இயங்கியது. மீன்பிடிக்கும் குடும்பங்களின் பெண்கள் பந்தலில் உட்கார்ந்து பீடி சுற்றியபடி நாள்கணக்காக உண்ணாவிரதம் இருந்தார்கள். அரசின் ஒரு நடவடிக்கையை மாற்ற வேண்டும். வழி, பட்டினியும் மனுவும் வழக்கும். 1898இன் விளக்கம் 2 இவர்களை மனத்தில் வைத்தே எழுதியதுபோல் இருக்கிறது. அதைவிடத் தெளிவான சான்று 2011 செப்டம்பர் 22ஆம் தேதியே கிடைத்துவிட்டது. மக்களின் அச்சம் நீங்கும்வரை உலைப் பணிகளை நிறுத்திவைக்க வேண்டும் என்று மத்திய அரசைக் கேட்டு ஜெயலலிதா தலைமையிலான தமிழக அமைச்சரவை தீர்மானம் நிறைவேற்றியது. ஊர் கேட்டதை மாநில அமைச்சரவை தன் தீர்மானமாக எடுத்துக்கொண்டது. சட்டபூர்வமான வழியில் மாற்றம் பெறுவது என்றால் இதைவிட வேறு என்ன வேண்டும்?

2012 மார்ச் 19ஆம் தேதி அமைச்சரவை முடிவை மாற்றியது. 500 கோடி ரூபாய் வளர்ச்சித் திட்டமும் அறிவித்தது. ராதாபுரம் தாலுகாவில் 144 தடை உத்தரவு போடப்பட்டது. செப்டம்பர் 10ஆம் தேதி கடற்கரையில் கண்ணீர்ப்புகை. இந்தக் காலத்தில் ஆயிரக்கணக்கானோர்மேல் 124ஏ பிரிவிலும், அரசுக்கு எதிராகப் போர் தொடுத்ததாக 121ஆம் பிரிவிலும் வழக்குகள் பதிவாயின. பெயர் தெரிந்த சிலரை எழுதி, கூட 'மற்றும் பலர்' என்று சேர்த்த முதல் தகவல் அறிக்கைகள்.

இந்த 'மற்றும் பலர்' எப்படிச் சட்டத்தில் நிற்கிறார்கள்? அங்கேயும் நோக்கத் தொடர்கள்தாம் தூண். தண்டனைச் சட்டத்தின் 34ஆம் பிரிவில் 'இன் ஃபர்தரன்ஸ் ஆஃப் த காமன் இன்டென்ஷன்', 149ஆம் பிரிவில் 'இன் ப்ராசிக்யூஷன் ஆஃப் த காமன் ஆப்ஜெக்ட்'. முதலாவது, எல்லோருக்கும் பொதுவான கருத்தை நிறைவேற்றும் முகமாக. இரண்டாவது, கூட்டத்தின் பொதுக்குறிக்கோளைத் தொடரும் முகமாக. முதலாவதற்கு மனங்கள் முன்கூட்டி ஒன்றுபட்டிருக்க வேண்டும். இரண்டாவதற்கு அந்த அளவு ஒருமை வேண்டியதில்லை. ஐந்து பேருக்குக் குறையாத சட்டவிரோதக் கூட்டத்தில் ஒருவர் இருந்ததும், அந்தக் கூட்டத்தின் குறிக்கோளும் போதும். இடிந்தகரையில் கூடிய ஆயிரக்கணக்கானோரின் பொதுக்குறிக்கோள் உலையை நிறுத்தக் கேட்பது. கேட்பது சட்டவிரோதக் குறிக்கோள் அல்ல. ஆனால் இது சாட்சி விசாரித்து முடிவாக வேண்டிய விஷயம். விசாரணை வரும்வரை வழக்கு இருக்கும். வழக்கு இருக்கும்வரை பாஸ்போர்ட் எடுப்பது பெரும்பாடு. வளைகுடாவுக்கு வேலைக்குப் போகும் கடற்கரை இளைஞனுக்கு அதுவே தண்டனை. நோக்கத்தை நிரூபிக்கும் சுமை அரசின்மேல் என்று சட்டப் புத்தகம் சொல்லலாம். காத்திருக்கும் சுமை முழுவதும் ஊரின்மேல்.

2013 மே 6ஆம் தேதி, உலையை எதிர்த்து ஜி. சுந்தர்ராஜன் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் கே.எஸ். ராதாகிருஷ்ணனும் தீபக் மிஸ்ராவும் உலை இயங்கலாம் என்று தீர்ப்பளித்தார்கள். 15 வழிகாட்டுதல்கள் கொடுத்தார்கள். அவற்றுள் ஒன்று போராடியவர்கள்மேல் போட்ட குற்ற வழக்குகளைத் திரும்பப் பெற முயற்சி எடுக்க வேண்டும் என்றது. அதன் நோக்கத்தையும் சொன்னது, கூடங்குளத்திலும் சுற்றியுள்ள ஊர்களிலும் அமைதியும் இயல்புநிலையும் திரும்பும்படி. அதே வாக்கியத்தின் பிற்பகுதி, நாட்டின், குறிப்பாகத் தமிழ்நாட்டின், பெருநலனுக்கு உகந்த இந்த உலையின் அவசியத்தை மக்களுக்கு எடுத்துச்சொல்ல வேண்டும் என்றது. முற்பகுதி எனக்கு மிகவும் மதிக்கத்தக்கதாகத் தோன்றுகிறது. இத்தனை ஆயிரம் பேரின் நோக்கம் குற்ற நோக்கம் அல்ல என்பதை அது ஏறக்குறைய ஒப்புக்கொள்கிறது. ஆனால் மக்களின் நோக்கத்தை நேராகப் பெயர் சொல்லி அங்கீகரிக்கவில்லை. பெயர் சொன்னது நாட்டின் பெருநலனை மட்டும். எவ்வளவு மின்சாரம், எந்த மாற்றுவழியோடு ஒப்பிட்டு, யாருக்கு என்ன இழப்பு என்ற கணக்குகள் தீர்ப்பில் வேறு இடங்களில் பேசப்பட்டன. இறுதியில் ஊருக்கு வந்து சேர்ந்தது 'பெருநலன்' என்ற ஒரே பெயர்ச்சொல். அதன்பின் வழக்குகளில் பல படிப்படியாகத் திரும்பப் பெறப்பட்டன. முதல் உலை அந்த ஆண்டு ஜூலை 13ஆம் தேதி தொடர்வினையைத் தொடங்கியது, அக்டோபரில் மின்கட்டமைப்பில் இணைந்தது.

2022 மே 11ஆம் தேதி உச்ச நீதிமன்றம் 124ஏ வழக்குகளை நிறுத்திவைத்தது. 2024 ஜூலை 1ஆம் தேதி தண்டனைச் சட்டமே போய், பாரதிய நியாய சன்ஹிதா வந்தது. ராஜத் துரோகம் என்ற பெயர் இல்லை. 152ஆம் பிரிவு இருக்கிறது. அதன் விளக்கத்தில் 1898இன் அந்தத் தொடர் அப்படியே தொடர்கிறது, வித் எ வியூ டு அப்டெய்ன் தேர் ஆல்டரேஷன் பை லாஃபுல் மீன்ஸ். சட்டப்புத்தகத்தின் பெயரை மாற்றியவர்கள்கூட இதைக் கைவிட முடியவில்லை.

நம் பக்கத்தில் செய்யக்கூடியது ஒன்று உண்டு. திங்கள்தோறும் திருநெல்வேலி கொக்கிரகுளத்தில் ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் கூட்டம் நடக்கிறது. ஆற்றங்கரையோரம் அந்த வளாகத்துக்கு எத்தனையோ ஊர்களிலிருந்து மனுவோடு வருகிறார்கள். மனுவின் வடிவம் எல்லோருக்கும் தெரியும். உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள் சமூகத்திற்கு, ஐயா, பொருள், நான்கு வரிக் குறை, பிறகு 'ஆவன செய்யுமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறோம்', இப்படிக்கு. குறை இருக்கும், வேண்டுகோள் இருக்கும். எந்த ஆணையை, எந்தச் சட்டத்தின்படி, எப்படி மாற்ற வேண்டும் என்ற நோக்கம் பெரும்பாலும் இருக்காது. 'ஆவன' என்பதில் எல்லாம் அடங்கிவிட்டதாக நினைத்துக்கொள்கிறோம். அதனால் பின்னால் ஒரு வழக்கு வரும்போது, நாங்கள் எதற்காகக் கூடினோம் என்று காட்ட எங்கள் கையெழுத்திட்ட ஓர் ஏடும் இருப்பதில்லை. காவல் நிலையத்தில் எழுதியது மட்டும் இருக்கும்.

ஆகவே கடற்கரை ஊர்களில் மனு எழுதித் தருகிறவர்களும் இளம் வழக்கறிஞர்களும் முதல் பத்தியிலேயே ஒரு வாக்கியத்தைச் சேர்க்கலாம்: இன்ன தேதியிட்ட இன்ன ஆணையைச் சட்டபூர்வமான வழியில் மாற்றக் கோரும் நோக்கத்துடன், கீழே கையெழுத்திட்ட நாங்கள், இன்ன நாளில் இன்ன இடத்தில் கூடுகிறோம். எழுவாய் இருக்கிறது, வினை இருக்கிறது, நோக்கம் இருக்கிறது. பெற்றுக்கொண்டதற்கு எண்ணிட்ட ரசீது வாங்கி வைக்க வேண்டும். அதேபோல் அரசு வெளியிடும் ஒவ்வோர் அறிவிக்கையின் தமிழ் வடிவத்திலும் 'பொதுநோக்கத்திற்காக' என்று முடித்துக்கொள்ளாமல், எந்தத் துறை, எதைக் கட்ட, எவ்வளவு நிலத்தில், எந்தக் குடும்பங்களுக்கு என்ன மாற்று என்று எழுதச் சொல்லிக் கேட்கலாம். கூடங்குளத்தில் ஐந்தாவது, ஆறாவது உலைகளின் கட்டுமானம் 2021இல் தொடங்கிவிட்டது. அடுத்த அறிவிக்கை வரும்போது ஊர் கேட்க வேண்டிய கேள்வி: எதன் பொருட்டு, யார் பொருட்டு?